வரியைக் கேஸுக்குப் போடாமல் சர்க்கரைக்குப் போடுங்கள்

சர்க்கரை சேர்த்த பானங்களின் விலை வரியால் 20 சதவீதமாவது ஏற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், புகையிலை, மது, சர்க்கரை பானம் மூன்றின் விலையும் 2035க்குள் 50 சதவீதமாவது உயர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீரிழிவையும் உடல் பருமனையும் முன்வைக்கிறார்கள். சரியான காரணம்தான். ஆனால் அந்த நோய்கள் வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகும். நான் பல்லடம் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். அதே சர்க்கரை என்ன செய்கிறது என்பது என் நாற்காலியில் உட்காரும் மூன்று வயதுக் குழந்தையின் வாயிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த வாய் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பற்கள் நான்கும் பழுப்பு நிறத்தில், ஈறை ஒட்டி அரித்துப் போயிருக்கும். சில குழந்தைகளுக்குப் பல்லே இருக்காது, வேர்க்கட்டை மட்டும் நிற்கும். ஆனால் கீழ் முன்பற்கள் பளிச்சென்று நன்றாக இருக்கும். பாட்டிலில் குடிக்கும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது. எச்சில் சுரக்கும் இடமும் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவை தப்பிக்கின்றன. மேலே சொத்தை, கீழே சுத்தம் என்று பார்த்தாலே இனிப்பானது எதுவோ பாட்டில் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

கேட்டால் வரும் பதில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "ஏனுங்க டாக்டர், கலரெல்லாம் நாங்க வாங்கித் தர்றதே இல்லீங்க. மாம்பழ ஜூஸ்தானுங்க. அதுவும் அவ அம்மாயி வந்தா மட்டுந்தான்." அம்மாயி வாரம் மூன்று நாள் வருவார் என்பது அப்புறம் பேச்சில் தெரியவரும். அம்மாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேத்திக்குப் பழம் கொடுக்கிறோம் என்றுதான் அவர் நினைக்கிறார். பாக்கெட்டின் மேல் மாம்பழப் படம் இருக்கிறது, கேஸ் இல்லை, தொண்டையில் உறைப்பதில்லை. கேஸ் ஏற்றிய கலர் பானம் கெட்டது, ஜூஸ் நல்லது என்பது நம் ஊரில் எல்லோர் மனதிலும் ஊறிப்போன எண்ணம்.

நம் நாட்டின் வரியும் அப்படியேதான் நினைக்கிறது. எனக்கு உள்ள ஆதங்கம் இதுதான்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, கேஸ் ஏற்றிய இனிப்பு பானங்களுக்கு 28 சதவீத வரி, அதன் மேல் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி 12 சதவீதம், ஆக 40 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நேரடியாக 40 சதவீதம் என்று ஆகிவிட்டது. இந்தியாவில் சர்க்கரை பான வரி இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை, உலக அளவில் பார்த்தாலே இது உயர்ந்த வரிதான். ஆனால் அதே செப்டம்பர் 22 அன்று, கேஸ் இல்லாத பழ பானங்களுக்கு இருந்த 12 சதவீத வரி 5 சதவீதமாக இறங்கியது. சர்க்கரை சேர்த்த பால் பானங்களும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கு 40 சதவீதம், சர்க்கரை நிறைந்த மாம்பழ பானத்துக்கு 5 சதவீதம்.

இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். கோலாவில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை. கடைகளில் கிடைக்கும் பல மாம்பழ பானங்களில் அதே அளவோ, 13, 14 கிராமோ இருக்கும். பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே அதைப் பழ பானம் என்று விற்க நம் உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. 150 மில்லி பாக்கெட் ஒன்றில் 20 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், ஐந்து டீஸ்பூன். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,350 கலோரி போதும். அதில் இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கிராமில் சொன்னால் 34, முடிந்தால் 17. ஒரே பாக்கெட்டில் அந்த 17 தாண்டிவிடுகிறது. டீயில் போட்ட சர்க்கரை, பிஸ்கட், மிட்டாய் எல்லாம் இதற்கு மேல்.

பல்லுக்குள் நடப்பது எளிமையானது. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலத்தை அளக்கும் எண்ணுக்கு பிஎச் என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் வரை ஆகும். இந்தப் பானங்களிலேயே அமிலம் வேறு இருக்கிறது. கோலாவின் பிஎச் சுமார் 2.5. அதனால் எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை வாய் வைக்கிறோம் என்பது முக்கியம். மடமடவென்று குடித்து முடிக்கிறவரைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் சப்பிக்கொண்டே இருப்பவரின் பல்தான் சீக்கிரம் போகிறது.

இதை விசைத்தறித் தொழிலாளர்களிடம் பார்க்கிறேன். இராத்திரி ஷிப்டில் தறியை விட்டு நகர முடியாது. குடோனுக்குள் வெக்கை. தூக்கம் வரக் கூடாது என்பதற்காக 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க் பாட்டிலைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு வாய் என்று விடியும் வரை குடிக்கிறார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். முன்பற்கள் எல்லாவற்றிலும் ஈறை ஒட்டி வரிசையாகச் சொத்தை. "புகையிலை போட மாட்டேனுங்க, தண்ணியும் கிடையாதுங்க" என்றான். உண்மைதான், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பையன். வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் ஆகும் தொகையைச் சொன்னதும், "புடுங்கிருங்க" என்று சொல்லிவிட்டான். எங்கள் பகுதியில் பல்லின் விலை பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகிறது.

வரி போட்டால் இதெல்லாம் குறையுமா? குறைந்த நாடுகள் இருக்கின்றன. மெக்சிகோ 2014 ஜனவரியில் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விலையில் சுமார் 10 சதவீதம். முதல் வருடத்தில் விற்பனை எதிர்பார்த்ததைவிட 5.5 சதவீதமும், இரண்டாம் வருடத்தில் 9.7 சதவீதமும் குறைந்தது. ஏழை வீடுகளில்தான் குறைவு அதிகம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பிரிட்டனின் முறை. 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொடங்கியபோது 100 மில்லிக்கு 8 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 24 பென்ஸ், 5 முதல் 8 கிராம் வரை 18 பென்ஸ், 5 கிராமுக்குக் கீழே வரியே இல்லை என்று வைத்தார்கள். கேஸ் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. இடையில் கிடைத்த இரண்டு வருடத்தில் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வரியைக் கட்டுவதற்குப் பதிலாகச் சர்க்கரையைக் குறைத்தன. பல பானங்கள் 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. குடிப்பவர் பழக்கத்தை மாற்றாமலே உள்ளே போகும் சர்க்கரை குறைந்தது. அங்கே சொத்தைப் பல்லைப் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை, வரி இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட 12 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் குறைவு இன்னும் அதிகம். மயக்க மருந்து கொடுத்துக் குழந்தைக்குப் பல் பிடுங்குவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரியும்.

நம் 40 சதவீதத்தில் இந்தத் தூண்டுதல் இல்லை. 11 கிராம் சர்க்கரையை 4 கிராமாகக் குறைத்தாலும் அதே 40தான் கட்ட வேண்டும் என்றால் எந்தக் கம்பெனி குறைக்கும்? இதில் நம்மூர் கோலி சோடா, பன்னீர் சோடா தயாரிப்பவர்கள் நிலை இன்னும் மோசம். சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் கேஸ் பானம் தயாரிப்பவர்கள் சேர முடியாது. அவர் சர்க்கரையைக் குறைத்து ஒரு பன்னீர் சோடா கொண்டுவந்தால், பெரிய கம்பெனியின் மாம்பழ பானத்தைவிட அது பல்லுக்கு எவ்வளவோ மேல். ஆனால் வரி அவருக்குத்தான் எட்டு மடங்கு. 2017இல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தபோது உள்ளூர் சோடாக்களுக்குக் கொஞ்ச நாள் நல்ல காலம் வந்தது. நிலையாக அவர்களைக் கைதூக்கிவிட நினைத்தால் கிராம் கணக்கில் வரி போடுவதுதான் வழி.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் சிலவற்றை நான் மதிக்கிறேன். ஏழைகள் மேல்தான் சுமை விழும் என்கிறார்கள். விழும். அதனால்தான் வரிப் பணம் அவர்களிடமே திரும்ப வர வேண்டும் என்று கேட்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017 முதல் வசூலிக்கும் பான வரியில் ஒரு பகுதியைக் குழந்தைகளின் மழலையர் கல்விக்குச் செலவிடுகிறது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவப் பிரிவு, பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் குளிர்ந்த குடிநீர், இவற்றுக்கு அந்தப் பணம் போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறது. கூடவே குழந்தைகளின் உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

டென்மார்க் தன் குளிர்பான வரியை 2014இல் நீக்கிவிட்டதே என்று கேட்பார்கள். அங்கே மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் மலிவாக வாங்கி வந்தார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போனாலும் ஜிஎஸ்டி ஒன்றுதான்.

கரும்பு விவசாயி என்ன ஆவார், மா விவசாயி என்ன ஆவார் என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நியாயமாகவே வரும் கேள்வி. சத்தியமங்கலம், ஆப்பக்கூடல், மோகனூர் ஆலைகளை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் கரும்புக்கு இன்று எத்தனால் என்ற பெரிய சந்தை வந்துவிட்டது, பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்கள். மாம்பழக் கூழுக்கோ இந்த வரியால் பாதிப்பே வராது. சேர்த்த சர்க்கரைக்கு மட்டும் வரி என்றால், சர்க்கரையைக் குறைத்துக் கூழைக் கூட்டுவதே கம்பெனிக்கு இலாபம். அது கிருஷ்ணகிரி மா விவசாயிக்கும் நல்லதுதானே.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு வந்து உட்காரும் என்ற கவலை எனக்கும் உண்டு. உடல் எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. சொத்தை வராது என்றாலும் பானத்தின் அமிலம் எனாமலை அரிக்கத்தான் செய்யும். குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

2015இல் பெருந்துறை சிப்காட்டில் வரவிருந்த கோலா ஆலைக்கு நிலத்தடி நீருக்காக நம் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நில ஒதுக்கீடும் இரத்தானது. தண்ணீருக்காக அவ்வளவு உறுதியாக நின்ற ஊர், அந்தத் தண்ணீரில் கரைத்து விற்கப்படும் சர்க்கரையைப் பற்றியும் பேச வேண்டும். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் மாநிலத்துக்கும் இடம் இருக்கிறது. 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்பதை வைத்துப் படிநிலை வரி வேண்டும் என்று மருத்துவர் சங்கங்களும் பெற்றோர்களும் நம் நிதியமைச்சருக்கு எழுதலாம்.

அது வரும் வரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. பாக்கெட்டின் பின்னால் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த எண் பெரும்பாலும் 100 மில்லிக்கானது, பாக்கெட்டின் மில்லி அளவோடு பெருக்கி 100ஆல் வகுத்துப் பாருங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டு வீட்டில் கலக்கியது என்றாலும் பல்லுக்கு அது சர்க்கரைதான். வாந்தி பேதி என்றால் மருந்துக்கடையில் ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியையே கேட்டு வாங்குங்கள். சரியான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டு இனிப்பு பானம் விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்திருக்கிறது. விருந்தாளி வந்தால் மோரோ இளநீரோ கொடுங்கள், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இளநீருக்கா பஞ்சம். தூங்கும் குழந்தையின் வாயில் தண்ணீரைத் தவிர வேறு எந்தப் பாட்டிலும் இருக்கக் கூடாது. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். என்றாவது ஒருநாள் கலரோ ஜூஸோ குடித்தே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்து முடித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் விளக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும், அரை மணி நேரம் கழித்து விளக்கலாம்.