பனங்கட்டியும் சீனிதான்

"சீனியை விட்டுட்டன் பிள்ளை, இப்ப பனங்கட்டியோடதான் தேத்தண்ணி." கிளிநொச்சிப் பக்கத்தில் ஆய்வுகூட வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. இரத்த அறிக்கையில் குளுக்கோசு ஏறியிருந்தால் அடுத்த கேள்வி: "அப்ப இது எங்காலை வந்தது?"

காபனைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது புரியும். ஒரு காபன் அணு நான்கு பிணைப்புகளை உண்டாக்கும். வேறு காபன் அணுக்களோடு உறுதியாகச் சேர்ந்து நீளமாகவும் கிளைவிட்டும் வளையமாகவும் வளரும். ஐதரசனும் ஒட்சிசனும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். எங்கள் பனையையே பாருங்கள். அதன் காபன் முழுவதும் ஓலை காற்றிலிருந்து எடுத்த காபனீரொட்சைட்டுத்தான். அது கருப்பநீரில் சுக்குரோசு என்ற சர்க்கரை, புளித்துக் கள்ளானால் இரண்டே காபன் உள்ள எதனோல் என்ற மதுசாரம், கிழங்கில் மாப்பொருள், மட்டையில் செலுலோசு என்ற நார்ப்பொருள்.

மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசை வரிசையாகக் கோத்தவைதான். ஒன்றோடொன்று இணைகிற விதம் மட்டும் வேறு. அதனால்தான் ஒடியற்பிட்டு சாப்பாடு, மட்டை விறகு. செலுலோசை வெட்டும் நொதியம் எங்களிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலை வெட்டிக் கொடுக்கின்றன.

பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு. கடைச் சீனியும் அதுவே. குடலில் இரண்டும் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரியும். கோப்பை நிறையப் போட்ட சோற்றின் மாப்பொருளும் கடைசியில் குளுக்கோசுதான். பனங்கட்டியில் கனியுப்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீரிழிவுக்காரருக்கு அது சீனிக்கு மாற்று அல்ல.

"எண்ணெயே பாவிக்கிறேல்லை, கொழுப்பு ஏன் கூட?" என்றும் கேட்பார்கள். மிஞ்சிய சர்க்கரையின் காபனை ஈரல் இரண்டிரண்டாகக் கோத்துக் கொழுப்பமிலம் ஆக்கும். அதில் ஒன்றான பாமிற்றிக்கமிலத்துக்கு 16 காபன். மூன்று கொழுப்பமிலங்கள் கிளிசரோலோடு சேர்ந்ததுதான் அறிக்கையில் வரும் திரைகிளிசரைட்டு.

இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். 'இரத்த யூரியா' என்று கண்டதும் வயலுக்கு எறிந்த பசளை உடம்புக்குள் போய்விட்டதோ என்று கமக்காரர் சிலர் திகைக்கிறார்கள். மூலக்கூறு ஒன்றேதான், 1828இல் வோலர் என்ற ஜேர்மன் வேதியியலாளர் அதை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். ஆனால் இரத்தத்தில் உள்ளது புரதம் உடையும்போது ஈரல் உண்டாக்குவது. அது கூடியிருந்தால் வைத்தியரோடு சிறுநீரகத்தைப் பற்றிக் கதையுங்கள்.

வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் 8 மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், பனங்கட்டி கடித்த பிளேன்ரீ கூடாது. கிளினிக் நாளுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டி வருபவர்களும் உண்டு. குளுக்கோசு செங்குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் இருக்கும். ஆகவே அப்படி ஒட்டியதை அளக்கும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கும் வந்துவிடும்.