புது மோடம் வாங்கும் முன் வயரைச் செருகிப் பாருங்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு இணைய இணைப்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "நெட் மிகவும் மெதுவாக இருக்கிறது, புது மோடம் வாங்கிவிடலாமா?" என்று கேட்டு அழைப்பவர்களில் சிலர் அப்போதே கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள் என்பதுதான்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். இரவு எட்டரை மணிக்குப் பேத்தி வீடியோவில் வருவாள். ஆச்சி அடுப்படிப் பக்கம் நகர்ந்தால் போதும், படம் அப்படியே நின்றுவிடும். மகன் வைஃபை பரப்பும் விலை கூடிய ரௌட்டர் ஒன்றை அனுப்பி வைக்கத் தயாராகிவிட்டார். "தம்பி, நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் அவன் வாங்கட்டும்" என்றார் ஆச்சி.

மோடம் முகப்பில் இருந்தது. பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால், இரும்புப் பெட்டியின் மேல், கண்ணில் படாதபடி வைத்திருந்தார்கள். என் மடிக்கணினியை லேன் வயர் மூலம் நேராக மோடத்தில் இணைத்து வேகத்தை அளந்தேன். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94 வந்தது. வயரைக் கழற்றிவிட்டு வைஃபையில் அளந்துகொண்டே நடந்தேன். முகப்பில் 60, வளவு என்கிற நடு முற்றத்தின் வாசலில் 20, அடுப்படியில் 3.

நிறுவனம் தருவதாகச் சொன்னது வாசல் வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. வீட்டுக்குள்தான் அது நின்றுபோகிறது. கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அடிக்கிறது, இரும்பும் அப்படியே. அதைத் தாண்டினால் ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழுந்த சுவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. மோடத்தை மாற்றினால் சுவர் மெலிந்துவிடுமா?

நம் வீடுகளில் வளவு என்பது வைஃபைக்குப் பெரிய வரம். நடுவே திறந்த வெளி. அலைக்கு அங்கே தடையே இல்லை. வளவைப் பார்த்த தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத தூண் ஒன்றில், ஆள் உயரத்துக்கு மேல் பெட்டியை வைத்தால் சுற்றியுள்ள அறைகளுக்கு அது வாசல் வழியாகவே எட்டிவிடும். அந்த வீட்டு அலமாரியில் ரௌட்டர் ஒன்று சும்மா கிடந்தது. முகப்பு மோடத்திலிருந்து தேக்கு உத்தரத்தை ஒட்டியே வயர் இழுத்து, சுவரில் ஒரு துளைகூடப் போடாமல், அதை வளவில் பொருத்தினேன். அடுப்படியில் 40 வந்தது. செலவு வயருக்கு மட்டும்தான்.

வயரில் அளந்தும் வேகம் குறைவாக இருந்தால் கதை வேறு. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். காலையில் சரியாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால் அது வீட்டுக்கு வெளியே, நிறுவனத்தின் பாதையில் உள்ள நெரிசல். எந்த மோடமும் அதைத் தீர்க்காது. அந்தக் குறிப்போடு நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். எந்நேரமும் குறைவு என்றால் வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் வயரைப் பாருங்கள். தேவகோட்டையில் ஒரு வீட்டில் அது நிலைக்கும் கதவுக்கும் இடையே நசுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி இழை. மடிந்தால் ஒளி கசிந்துவிடும். பழுது பார்க்க வருபவரிடம் ஒளி அளவைக் கேளுங்கள். டிபிஎம் என்பது அந்த ஒளியின் வலிமையை அளக்கும் அலகு. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது, அதற்கும் கீழே போனால் ஒளி மங்கல். அங்கே மைனஸ் 29 இருந்தது. ஃபைபரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் முழு வேகமும் வருகிறது என்று பொருள். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு, ஒரு பைட்டுக்கு எட்டு பிட்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய மோடங்களும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை மட்டும் தருகிற பழைய பெட்டி அப்படி ஒன்று. அந்த அலை சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில்தான் முட்டி மோதும். 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்துவிட்டு, 100க்கு மேல் தாங்காத லேன் துளை உள்ள பெட்டியை வைத்திருப்பதும் வீண். மோடம் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுதான் தளர்ந்திருக்கும். பழைய அடாப்டரில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட் இருக்க வேண்டும், ஆம்பியர் அதைவிடக் குறையக் கூடாது.

மாற்றுவது என்று முடிவானாலும் கடைக்கு ஓடாதீர்கள். ஃபைபர் வந்து சேரும் பெட்டி அதன் வரிசை எண்ணோடு நிறுவனத்தில் பதிவாகியிருக்கும். அவர்கள் பதிவு செய்யாமல் வேறொன்றைச் செருகினால் இணைப்பே வராது. அவர்களிடமே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வைஃபைக்குத் தனி ரௌட்டர் வேண்டுமானால் அதன் பின்னால் இணைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாக்களை எண்ணிப் பார்த்து வாங்காதீர்கள்.

கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறு மாதம் ஒரே ஃபோன் பயன்படுத்திய பெட்டியில் அன்றைக்கு ஐம்பது ஃபோன் ஏறும். அப்போது வளவுக்கு ஒன்று, முகப்புக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகள் வேண்டியிருக்கும். உத்தரத்தோடு வயர் இழுக்க ஒரு முழுப் பகல் பிடிக்கும். பந்தல்காரருக்குச் சொல்லும்போதே எங்களுக்கும் சொல்லிவிடுங்கள்.