தூணுக்கு முன்பே தொடங்கும் இத்தாலிய வீடு

வெளியே இத்தாலியப் பாணி, உள்ளே நவீன வசதி என்று கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் காட்டுவது தூண்களின் படங்களைத்தான். ஆனால் அந்தப் பாணியின் உயிர் தூணில் இல்லை, அறையின் அளவில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் வரைபடத்தை விரித்து வைத்தே விளக்க வேண்டியிருக்கிறது.

வடஇத்தாலியின் விச்சென்சாவில் பணியாற்றிய ஆண்ட்ரியா பல்லாடியோ, 1570-இல் வெளியிட்ட தம் கட்டடக்கலை நூலில், அறைகளுக்கு ஏற்றவையென ஏழு வடிவங்களைப் பரிந்துரைத்தார். வட்டமும் சதுரமும் அவற்றில் அடக்கம். அகலம் இரண்டு பங்கு, நீளம் மூன்று பங்கு என்பது இன்னொன்று. கூரை தட்டையாக இருந்தால் அறையின் அகலமே அதன் உயரம் என்பதும் அவர் வகுத்த விதி. அதன்படி 16 அடி அகல அறைக்கு 16 அடி உயரம் வேண்டும். நாம் கட்டுவதோ 10 அடி. ஆகவே வீடு முழுவதையும் இத்தாலியமாக்க முயல்வதைவிட, இரண்டு தள உயரமுள்ள ஒரே ஒரு கூடத்தை அந்த இலக்கணத்துக்கு ஒப்படைத்துவிட்டு, மற்ற அறைகளை எளிய நவீன அறைகளாகவே விடுவது நல்லது.

தூணுக்கும் கணக்கு உண்டு. பல்லாடியோவின் அயோனிக் தூண் (தலைப்பகுதியில் இருபுறமும் சுருள் வடிவம் கொண்டது) தன் விட்டத்தைப் போல ஒன்பது மடங்கு உயரமுடையது. 9 அடித் தூணுக்கு 1 அடி விட்டம் போதும் என்றிருக்க, கம்பீரம் கருதி ஒன்றரை அடியாக்கினால் அது குட்டையாகத்தான் தெரியும்.

என் தொடக்க காலப் பணி ஒன்றில், கூடத்தில் சுவரும் கூரையும் சேரும் விளிம்பின் சித்திர வேலைப்பாடு முடிந்த பிறகே ஏசி குழாய்க்கு வழி தேடினோம். ஃபால்ஸ் சீலிங் ஓர் அடி கீழே இறங்கியது. வேலைப்பாட்டின் பாதி அதற்குள் மறைந்தது. குழாய், மின்கம்பி, விளக்கு ஆகியவற்றின் பாதைகள் முடிவாகாமல் எந்த அலங்காரத்தையும் தொடங்குவதில்லை என்று அன்று எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

பழமையும் புதுமையும் சேரும் இடத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது இத்தாலியின் வெரோனா நகரிலுள்ள காஸ்டெல்வெக்கியோ. அது வீடு அல்ல, 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அதைச் சீரமைத்த பின் 1964-இல் அருங்காட்சியகமாக மீண்டும் திறக்கப்பட்டது. அவர் அமைத்த புதிய தரை பழைய சுவரைத் தொடாமல் ஓர் இடைவெளி விட்டு நின்றுகொள்கிறது. எது பழையது, எது புதியது என்று கண் உடனே அறிகிறது. அதே முறையில், நவீன அலமாரியை வளைவுள்ள சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினால், இரண்டும் தத்தம் இயல்போடு இருக்கும். புதிய பொருளுக்குப் பழைய பூவேலையை ஒட்டுவதுதான் நான் கண்டவற்றில் மிக மோசமான கலவை.

ஆடம்பரம் என்றால் எங்கும் மார்பிள் என்ற எண்ணமும் தவறானது. பல்லாடியோவின் பல வில்லாக்களில் தூண்கள் செங்கல்லால் எழுப்பிச் சாந்து பூசப்பட்டவையே. வெனிஸ் வட்டாரத்தில் மார்பிள் தூளைச் சுண்ணாம்போடு குழைத்து மெருகேற்றும் மர்மோரினோ பூச்சு, முட்டை வெண்கரு சேர்த்து இழைக்கும் செட்டிநாட்டுப் பூச்சுக்கு நெருங்கிய உறவு; அந்தக் கைப்பழக்கம் உள்ள காரைக்குடிக் கொத்தனார்களிடம் இந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

மார்பிள் வாங்கியே தீர வேண்டுமென்றால் கூடத்தின் தரைக்கு வாங்குங்கள். அது சுண்ணாம்புச் சத்துள்ள கல்; எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடத்தில் மெருகு அரிக்கப்பட்டு மங்கிவிடும். சமையல் மேடைக்குக் கிரானைட்டே ஏற்றது.