மாரி வெள்ளத்தில் தவறும் கதிர் சிகிச்சை: புற்றுக் கட்டிக்குள் நடப்பது என்ன?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாரி வலுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையான காலத்தில், கிரான் புலிபாய்ந்தகல் வீதியும் கல்முனையை நாவிதன்வெளியுடன் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியும் நீரில் மூழ்குவது வழமை. இதனால் பல நோய்களுக்கான கிளினிக் சில நாட்கள் தள்ளிப்போனாலும் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் கதிர் சிகிச்சையின் நடுவில் இருக்கும் புற்றுநோயாளருக்கு அந்த நாட்கள் உண்மையான இழப்பாகும்.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம், கிழமைக்கு ஐந்து நாட்களாக, ஆறு அல்லது ஏழு கிழமைகள் கதிர் செலுத்தப்படுகிறது. கதிர் உயிரணுக்களின் டிஎன்ஏயைச் சிதைக்கிறது. நல்ல உயிரணுக்கள் அச்சிதைவை அடுத்த வேளைக்குள் பெருமளவு சீர்செய்துகொள்ள, புற்றணுக்கள் அதில் பின்தங்குகின்றன. சிகிச்சையைச் சிறு பங்குகளாகப் பிரிப்பதன் அடிப்படை இதுவே.

எனினும் மூன்றாம் நான்காம் கிழமைகளுக்குப் பிறகு, எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அப்போது அன்றாடம் செலுத்தப்படும் 2 கிரேயில் ஏறத்தாழ 0.6 கிரே, அன்றைய பெருக்கத்தை ஈடுசெய்வதிலேயே செலவாகிவிடுகிறது. கதிர் கிடைக்காத நாளிலோ பெருக்கம் தடையின்றி நடக்கிறது. ஆகவே விடுபட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் தவறானது: மொத்த அளவு மாறாவிட்டாலும் காலம் நீண்டுவிடுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில், நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று குறைவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் கதிர் சிகிச்சைக் காலத்தில் சூறாவளி அனர்த்தத்துக்கு உள்ளான நுரையீரல் புற்றுநோயாளர் பற்றி 2019 இல் வெளியான ஆய்வும், அவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. மார்பகம், முன்னிற்கும் சுரப்பி (புரோஸ்டேட்) ஆகியவற்றின் புற்றுநோய்களில் இந்தப் பாதிப்பு குறைவு.

இழந்ததை மீட்க வழி உண்டு. சனிக்கிழமையும் கதிர் செலுத்தலாம். அல்லது குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை செலுத்தலாம். ஒரு வேளைக்குரிய அளவைக் கூட்டலாம் என்றாலும், அது தாடையெலும்பு போன்ற நல்ல திசுக்களைப் பல மாதங்களுக்குப் பின்னரும் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் நுணுகிக் கணக்கிட்டே முடிவெடுப்பார். அக்கணக்குக்கு, எந்த நாட்கள் தவறின என்பது உடனுக்குடன் தெரியவேண்டும். எனவே பாதை அடைபட்ட அன்றே, சிகிச்சை பெறும் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தொலைபேசியில் அறிவிப்பது மிக முக்கியம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வசிப்பவர்கள், வெள்ள எச்சரிக்கை வந்ததும் வைத்தியசாலைக்கு அருகே உள்ள உறவினர் வீட்டுக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது.

கீமோதெரபி பெறுபவர்களின் நிலை வேறு. மருந்தேற்றிய பின் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் வெள்ளநீரில் இறங்குவதும், நெரிசலான நலன்புரி முகாமில் தங்குவதும் ஆபத்தானவை. காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கலாகாது. அது வெப்பத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தணிக்காது. தோணியிலோ உழவு இயந்திரத்திலோ வெளியேற நேர்ந்தாலும், பாதுகாப்பாகச் செல்லக்கூடிய மிக அருகிலுள்ள வைத்தியசாலையை அடைந்து, மருந்தேற்றிய திகதி எழுதப்பட்ட கிளினிக் கொப்பியைக் காட்டவேண்டும். அந்தக் கொப்பியையும் மாத்திரைகளையும் நீர் புகாத பையில் இட்டு மழைக்கு முன்பே எடுத்துவைத்திருக்கவேண்டும்.