ஒரு வேளை விடச் சொன்னார்கள், ஒரேயடியாக விட்டுவிட்டார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மருந்துக்கடைக்கு அந்த அம்மா வந்தது, பாதத்துப் புண்ணுக்குக் களிம்பு வாங்க. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருப்பது தெரியும் என்பதால் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 19.4 மில்லிமோல். வெறும் வயிற்றில் 7-க்குள் இருக்க வேண்டியது. பசியாறிவிட்டு வந்திருந்தாலும் இது ரொம்ப அதிகம்.

“மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?”

“டாக்டர்தான் விடச் சொல்லிட்டாங்களே, தம்பி.”

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஆறு வாரத்துக்கு முன் பித்தப்பைக் கல் அறுவைக்காக மருத்துவமனையில் கொடுத்தது. ஆங்கிலத்தில் ‘ஒமிட் மெட்ஃபோர்மின்’ என்று ஒரு வரி; மெட்ஃபோர்மின் என்பது அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை. ‘அறுவை நாள் காலை’ என்ற மிச்சம் அடுத்த வரியில், சரியாக மடிப்பு விழுந்த இடத்தில். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று படிக்கும் பேரன் ‘ஒமிட்’ என்ற சொல்லைக் கைப்பேசியில் தேடியிருக்கிறான்; ‘விட்டுவிடு’ என்று வந்திருக்கிறது. பாட்டியும் விட்டுவிட்டார்.

பையனைக் குறை சொல்ல முடியாது. அகராதி சொன்னது தப்பில்லை. சிக்கல் நம் ‘விடு’வில் இருக்கிறது. ‘அப்பா குடியை விட்டுவிட்டார்’ என்றால் இனி தொடமாட்டார். ‘அந்த வரியை விட்டுவிட்டுப் படி’ என்றால் ஒரு வரிதான் போகிறது, பாட்டு அப்படியே இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒமிட் என்பது இரண்டாவது வகை மட்டும். ஒரு வரிசை இருக்கிறது, அதிலிருந்து ஒன்றை எடுக்காமல் தாண்டிப் போகிறோம், வரிசை தொடர்கிறது. குடியை விட்டவரை ஆங்கிலத்தில் ஒமிட் செய்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பள்ளியில் படித்த தொகைகள் நினைவிருக்கிறதா? ஊறுகாய் என்பதில் காலம் காட்டும் இடைநிலை தொக்கி நிற்கிறது. சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது. ஒமிட் செய்த மாத்திரையும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்த வேளை மாத்திரை கிடையாது, ஆனால் சிகிச்சை தொடர்கிறது.

எதற்காக ஒரு வேளை விடச் சொல்கிறார்கள்? அறுவைக்கு முன் வெறும் வயிறு. கிளிக்லசைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைச் சாப்பாடு இல்லாமல் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். மெட்ஃபோர்மின் தனியாக அப்படி இறக்காது. ஆனால் அறுவை நேரத்தில் சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் லாக்டிக் அமிலம் தேங்கும் பயம் உண்டு. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். இதயத்துக்குக் கொடுக்கும் பைசொப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. எதை, எத்தனை வேளை என்பதை மருந்துக்கு மருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வித்ஹோல்ட் என்று எழுதியிருந்தால் சொல்லும்வரை நிறுத்திவை. ஸ்டாப் என்றால் இனி வேண்டாம். மிஸ் என்பது மறந்துபோய்த் தவறியது; அதற்காக அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. எழுதுகிற எல்லோரும் இந்த வித்தியாசத்தைப் பார்த்து எழுதுகிறார்களா என்றால், இல்லை. அதனால் சொல்லை மட்டும் நம்பாமல் பக்கத்தில் இருக்கும் காலக்கணக்கையும் பாருங்கள்.

அந்தக் கணக்கும் ஒரு தனி மொழி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிர் விஷயம். ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐஎன்ஆர் என்ற அளவு பலருக்கு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். அதற்கு ரொம்ப மேலே ஏறிவிட்டால் ‘ஒமிட் 2/7’ என்பது போல எழுதுவார்கள். அது ஜூலை 2 இல்லை. வாரத்தின் 7 நாளில் 2 நாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சொன்ன அளவில் மறுபடி தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் ரத்தக்கட்டி வரலாம். இன்னொன்று: சீட்டில் ‘ஓஎம்’ என்று இருந்தால் ஒமிட்டின் சுருக்கம் என்று நினைக்காதீர்கள். அது லத்தீன் குறிப்பு, தினமும் காலையில் என்று பொருள். நேர் எதிர்!

ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ஒமிட்டில் எம் ஒன்றுதான். இறந்தகாலத்தில் டி இரண்டாகும், ஏனென்றால் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. விசிட்டில் முதல் அசையில் விழுவதால் அங்கே ஒரு டியே போதும்.

அந்த அம்மாவை அன்றே கிளினிக்குக்கு அனுப்பினேன். பரிசோதித்துவிட்டு மெட்ஃபோர்மினை மறுபடி தொடங்கினார்கள். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இப்போது என் கடைக்கு இப்படிக் கடிதம் வந்தால், ஓரத்தில் நீல மையில் ‘அன்று காலை மட்டும். மறுபடி எப்போது என்று கேளுங்கள்’ என்று தமிழில் எழுதித் தருகிறேன்.

பேரன் இப்போதெல்லாம் பாட்டியின் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. போன வாரம் வந்த சீட்டில், அடுத்த முறை வரவேண்டிய நாளுக்கு ‘டிசிஏ 3/12’ என்று இருந்தது. “அங்கிள், டிசம்பர் 3-தானே, நானே கூட்டிட்டுப் போறேன்” என்று கீழே எழுதியிருந்தான். தம்பி, அது மூன்று மாதம்.