பருப்பைப் பெருக்கலாம், உப்பைப் பெருக்கக்கூடாது

காலை பத்து மணிக்கு ஒரு அம்மா போன் செய்தார். "மாஸ்டர், சாம்பார் ஒரே உப்பு. இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்க." மகளுக்கு வளைகாப்பு. 50 பேருக்கு வீட்டிலேயே சமைத்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறார்.

ஐந்து பேருக்கு 200 கிராம் துவரம்பருப்பு என்பது அவர் வீட்டுக் கணக்கு. 2 கிலோ போட்டிருந்தார், அது சரிதான். ஆனால் தண்ணீரையும் பத்தால் பெருக்கிவிட்டார். சின்னப் பாத்திரத்தில் வற்றுகிற அளவுக்கு அண்டாவில் வற்றாது. வீட்டில் 5 டம்ளர் என்றால் அண்டாவில் 40 டம்ளரில் நிறுத்திவிட்டு, பிறகு தேவை பார்த்து ஊற்ற வேண்டும். சாம்பார் நீர்த்துப்போனதும் அடுப்பைக் கூட்டிக் கொதிக்க விட்டிருக்கிறார். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. போதாக்குறைக்கு, தினமும் கல் உப்பு போடுகிறவர் அன்று தூள் உப்பை அதே ஸ்பூன் கணக்கில் போட்டிருக்கிறார். ஒரு ஸ்பூன் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் கல் உப்பைவிட எடை கூடுதல். விசேஷச் சமையலுக்கு உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். லிட்டர் சாம்பாருக்கு 7 கிராமில் தொடங்கினால் போதும்.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று நாலு கிழங்கையும் போட்டுவிட்டார். கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் இழுக்கும், மீதிச் சாம்பாரின் கரிப்பு அப்படியே நிற்கும். உப்பில்லாமல் அரை கிலோ பருப்பைக் குக்கரில் வேகவைத்து, தக்காளியோடு சேர்க்கச் சொன்னேன். சாம்பார் தப்பித்தது.

மிளகாய்த்தூள், புளி, பெருங்காயம் மூன்றையும் நான் பத்துக்கு ஏழு என்றுதான் முதலில் போடுவேன். அண்டா அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாக இருக்கும். காரமும் புளிப்பும் அதற்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கொதிக்கக் கொதிக்க ருசி பார்க்காதீர்கள், சுட்ட நாக்குக்கு உப்பு தெரியாது. ஒரு கிண்ணத்தில் எடுத்து ஆறவிட்டு, வெறும் சாதத்தில் பிசைந்து பாருங்கள். விடியற்காலையிலிருந்து தாளித்துக்கொண்டிருப்பவரின் நாக்கு மரத்துப்போயிருக்கும். அப்போதுதான் எழுந்து வந்தவரிடம் கொடுங்கள்.

கலந்த சாதத்துக்குக் கணக்கே வேறு. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கலக்கும்போது உப்பு, புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சாதம் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். ஐந்து வகைச் சாதம் வைக்கும்போது ஒவ்வொன்றையும் 50 பேருக்குச் செய்துவிடுகிறார்கள், பாதி மிஞ்சுகிறது. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 120 கிராம் அரிசி, அதாவது மொத்தம் 6 கிலோ போதும்.

நான் மிகவும் பயப்படுவது தயிர்சாதத்துக்கும் தேங்காய்ச் சாதத்துக்கும். இலையில் உட்காரப்போவது பிள்ளைத்தாய்ச்சி. ஐந்து மணிக்கு வடித்த சாதத்தைச் சுடச்சுட மூடிவைத்து ஒரு மணிக்குப் பரிமாறுவது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகும். அது விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். இந்த இரண்டு சாதத்தையும் கடைசியில் வடித்துக் கலக்குங்கள். தயிர்சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால், பரிமாறும் நேரத்தில் புளிக்காமல் இருக்கும்.

புளியோதரையில் வேர்க்கடலை, மற்றதில் முந்திரி போட்டிருந்தால் பரிமாறுகிறவர் வாயால் சொல்லட்டும். ஒவ்வாமை உள்ளவர் கேட்கக் கூச்சப்படுவார். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர் வந்தால் அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று, உப்பு போடாத பருப்புத் தண்ணீர் இரண்டு லிட்டர் எப்போதும் தனியாக எடுத்து, ஆறவிடாமல் சிறு தீயில் வையுங்கள். தேவைப்படாவிட்டால், பந்தி முடிந்து வீட்டு ஆட்கள் உட்காரும்போது அதில் ரசம் வைத்துவிடலாம்.