குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே ஒரு விரல்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜ். நண்பனின் கார் ஜாக்கில் ஏறி நின்றது. புதுச் சைலன்சர் பூட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பின் பம்பரின் அடியில் பூட்டும் டிஃபியூசர் என்ற கறுப்பு அலங்காரத் துண்டில், புகைக்குழாய் முனைக்கு நேர் மேலே, பிறைநிலா வடிவத்தில் பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது.

“பூட்டின அன்று சரியா நடுவிலதான் இருந்தது, பாஸ்” என்றான் நண்பன், கராஜ் மெக்கானிக்கிடம். உண்மைதான். ஆனால் அன்று கார் குளிர்ந்து போய், அசையாமல் நின்றிருந்தது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் எனக்குத் தெரிந்த பலர் கையிலிருந்த பழைய காரையே அழகுபடுத்தினார்கள். பம்பர் ஒரு கடையில், டிஃபியூசர் இன்னொரு கடையில், சைலன்சர் வேறெங்கோ. ஒன்றை ஒன்று அறியாத மூன்று பொருள்கள் காரின் பின்பக்கத்தில் முதல்முறையாகச் சந்திக்கின்றன. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

புகைக்குழாயை அசையாத இரும்பு என்று நினைக்கக் கூடாது. சூடேறினால் அது நீளும். சாதாரண இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்கும், ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு 0.017 அளவுக்கு. 3 மீட்டர் குழாய் சராசரியாக 250 பாகை சூடேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு 9 மில்லிமீட்டர் நீளும், துருப்பிடிக்காத எஃகு 13 வரை போகும். முன்முனை எஞ்சினோடு இறுகியிருப்பதால் அந்த நீட்சியெல்லாம் பின்பக்கம்தான் தள்ளும். கடலோரக் காற்றின் உப்புக்குப் பயந்து பலர் துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுக்கிறோம். நல்ல தேர்வுதான், ஆனால் அதற்கு இடமும் கூடுதலாக விட வேண்டும்.

எஞ்சினும் சும்மா இருப்பதில்லை. ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருக்கும் அது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சாய்ந்து எழும்பும். வளையும் ஃபிளெக்ஸ் துண்டு அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி, தொங்கல் ரப்பர்களில் ஊஞ்சலாடும் குழாய்க்குப் போய்ச் சேரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது குழாய்முனை மேலும் கீழும் துள்ளுவதைப் பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரர் நன்றாகவே பார்ப்பார்.

நண்பனின் காரில் பிழை எங்கே இருந்தது? எல்லோரும் குழாய்முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் குனிந்து முன்பக்க ஃபிளாஞ்சை, அதாவது குழாய்த் துண்டுகளை இணைக்கும் தட்டை, பார்த்தார். அங்கே 1 பாகை சாய்ந்தால் 3 மீட்டர் தள்ளி முனை 5 சென்டிமீட்டர் விலகும். பெரிய பாதிப்பு சிறிய இடத்திலிருந்து வருகிறது. முனையை நெம்பி நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டினால், தொங்கல் ரப்பர்கள் எப்போதும் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். குழாய் சூடேறியதும் அது தனக்குச் சுகமான பக்கத்துக்கே போய்விடும். இந்தக் காரில் அந்தப் பக்கம் மேலே இருந்தது.

உருகியது ஓட்டத்திலும் அல்ல. வேகமாகப் போகும்போது அடியில் பாயும் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். மாலையில் பம்பலப்பிட்டி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போதுதான் சூடு மேலெழுந்து டிஃபியூசரின் குழிவில் தேங்குகிறது. பம்பர்கள் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் கலவை. அது 160 பாகையை ஒட்டி உருகும். அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கிவிடும்.

உருகிய பிளாஸ்டிக்கை மாற்றிவிடலாம். எனக்குக் கவலை வேறொன்று. ஓடும் காரின் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகி, புகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குழாய்முனை பம்பருக்குள்ளேயே முடிந்தால் புகை அந்தப் பொந்தில் சுழலும். பல கார்களில் உள்காற்று வெளியேறும் ரப்பர் மடல்கள் அதே பம்பருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. மடல் வெடித்திருந்தாலோ டிக்கியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, கார்பன் மொனாக்சைட் உள்ளே வர வழி உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். பின்சீட்டில் தூங்கும் பிள்ளை எதையும் சொல்லாது. ஆகவே முனை பம்பரின் விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நிற்க வேண்டும். இதில் அழகுக்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாஸ் எல்லாக் கிளாம்புகளையும் தளர்த்தினார். புதுக் கேஸ்கட் வைத்து ஃபிளாஞ்சை நேராக்கி, முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக இறுக்கினார். ரப்பர்கள் எந்தப் பக்கமும் இழுபடாமல் தொங்கின. டிஃபியூசரின் வெட்டைக் கொஞ்சம் அகலமாக்கி, உட்புறத்தில் இடைவெளி விட்டு ஓர் அலுமினியத் தகடு பூட்டினார். அது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். அப்புறம் காரை அரைமணி நேரம் ஓட்டிவரச் சொன்னார்.

திரும்பி வந்து, குழாய் சூடாக இருக்கும்போதே, விரல் பருமனுள்ள ஒரு மரக்குச்சியை முனையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை.